மஞ்சள் ரூஃபும் அகன்ற ஃபெராரியும்: எண்பதுகளின் கார்கள் பேசிய இரண்டு பாஷைகள்

1987 ஏப்ரலில் அமெரிக்காவின் ரோடு அண்ட் ட்ராக் பத்திரிகை, உலகின் அதிவேகக் கார்களை மேற்கு ஜெர்மனியின் ஏரா-லெசியனுக்கு வரவழைத்தது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் சோதனைத் தடம் அங்கேதான் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்தில், காட்டுக்கு நடுவே, எட்டரை கிலோமீட்டருக்கும் அதிகமான நேர்கோட்டுச் சாலை. போர்ஷேயின் 959, ஃபெராரி டெஸ்டரோசா, லம்போர்கினி கவுன்டாக் எல்லாம் வந்திருந்தன. ஓட்டிப் பார்த்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் 1961-ன் ஃபார்முலா ஒன் சாம்பியன் ஃபில் ஹில். இன்னொருவர் 1960-ல் லெ மான் பந்தயத்தை வென்று, பிறகு முழுநேரப் பத்திரிகையாளராகிவிட்ட பால் ஃப்ரேர்.

அந்தக் கூட்டத்தில் ஒரு மஞ்சள் கார் நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண போர்ஷே 911. பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதேதான். 911 டர்போவின் புடைத்த பின்பக்கம் கூட அதற்குக் கிடையாது; டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) இல்லாத 911 வகையான கரேராவின் ஒல்லி உடம்பு. அது மணிக்கு 340 கிலோமீட்டரைத் தொட்டது. 450 குதிரைத்திறனும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட 959 அன்று 320-ஐ ஒட்டி நின்றுவிட்டது. பவேரியாவில் ஃபாஃபென்ஹவுசன் என்ற சிற்றூரில் அப்பா நடத்திய கார் மெக்கானிக் ஷெட்டை ஏற்று நடத்திய அலோய்ஸ் ரூஃப் என்பவரின் பட்டறையில் உருவான கார் அது. அதிகாரப்பூர்வப் பெயர் சி.டி.ஆர். அதன் நிறத்தைப் பார்த்துப் பத்திரிகைக்காரர்கள் வைத்த செல்லப் பெயர்தான் நிலைத்தது: 'யெல்லோபேர்ட்', மஞ்சள் குருவி.

அதே ஆண்டில் மியூனிக்கில் வில்லி கோனிக்கின் கம்பெனி வேறு வகைக் கார் செய்துகொண்டிருந்தது. டெஸ்டரோசா ஏற்கெனவே ஏறக்குறைய 2 மீட்டர் அகலம். அதன் இருபுறமும் இன்னும் புடைக்க வைத்து, பின்னால் மேஜை போல ஒரு இறக்கையை நிறுத்தி, என்ஜினில் இரண்டு டர்போக்களைப் பூட்டித் தெருவில் விட்டார்கள். டிராபிக் சிக்னலில் நின்றால் மொத்தத் தெருவும் திரும்பும்.

'நிறைகுடம் தளும்பாது' என்று சொல்லி இந்த வித்தியாசத்தை முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. அடக்கமான கார் உண்மையான சரக்கு, ஆர்ப்பாட்டமான கார் வெறும் பந்தா என்று. கார் ரசிகர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் கோனிக்கின் குடமும் நிறைகுடம்தான். சாதாரண டெஸ்டரோசாவின் 390 குதிரைத்திறனை 700, 800 என்று ஏற்றி, கடைசியில் 1000 வரை தருகிறோம் என்று விளம்பரம் செய்த கம்பெனி அது. விளம்பரக் கணக்கில் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் அது பொம்மைக் கார் இல்லை. அப்படியானால் ஒரே காலத்தில், ஒரே நாட்டில், ஒரே மாநிலத்தில், ஏறத்தாழ ஒரே தொழில்நுட்பத்தை வைத்து ஒருவர் ஒளித்தும் மற்றவர் காட்டியும் ஏன் செய்தார்கள்? வாங்கியவர் அந்தக் காரை எந்த ஊர் சாலையில், யார் கண் முன்னால் ஓட்டப்போகிறார் என்பதில்தான் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ரூஃப் என்ன செய்தார் என்று பார்த்துவிடலாம். ஒளிப்பதும் எவ்வளவு பெரிய வேலை என்பது அங்கேதான் புரியும்.

காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடியாக ஏறும். அக்காலத்து 911 டர்போ 300 குதிரைத்திறனில் சுமார் 260 கி.மீ. போகும். அதே உடம்பை 340-க்குத் தள்ள வேண்டுமென்றால் வேகம் 31 சதவீதம்தான் கூடுகிறது. சக்தியோ இரண்டேகால் மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 670 குதிரைத்திறன் வேண்டும். ரூஃப் தன் காருக்குக் குறித்த சக்தி 469. நிஜத்தில் அதைவிடக் கூடுதலாகவே இருந்தது என்று பேசிக்கொள்வார்கள். அதற்கும் கொஞ்சம் இடம் விட்டாலும் மீதி எங்கிருந்தோ வந்தாக வேண்டும். வந்தது தோலிலிருந்து.

அதனால்தான் அந்த ஒல்லி உடம்பு. டர்போவின் அகலம் 1775 மில்லிமீட்டர், கரேராவின் அகலம் 1650. அங்கேயே 7 சதவீதம் மிச்சம். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் வழிய 911-களுக்கு ஒரு சின்ன விளிம்பு இருக்கும். அதை வெட்டி எடுத்து மழமழவென்று ஆக்கினார்கள். வெளிக் கண்ணாடிகளைச் சிறிதாக்கினார்கள். கதவுகளும் பானெட்டும் அலுமினியம். மொத்த எடை 1150 கிலோ. 3.4 லிட்டர் என்ஜினுக்கு இரண்டு டர்போ. எரிபொருளையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்த, போர்ஷேயின் 962 பந்தயக் காரின் வழியில் வந்த பாஷ் மோட்ரானிக் என்ற எலெக்ட்ரானிக் அமைப்பு. டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர்களைப் பின் மட்கார்டுகளுக்குள் செருகி, காற்றுக்குச் சின்னத் துளைகள் மட்டும் விட்டார்கள். தெரிந்தவர் கண்ணுக்கு அந்தத் துளைகளே போதும். தெரியாதவர் அதைக் கடந்து போய்விடுவார்.

இதற்கு முன்பே 1983-ல் ரூஃப் பி.டி.ஆர். என்ற காரைச் செய்திருந்தார். அதில் எனக்குப் பிடித்த விஷயம் கியர்பாக்ஸ். போர்ஷே தன் 911 டர்போவுக்கு 1989 வரை நான்கு கியர்தான் தந்தது. ரூஃப் அதற்கு ஆறு வருடம் முன்னாலேயே ஐந்து கியர் போட்டுக் கொடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் இது தெரியவே தெரியாது, ஓட்டினால்தான் தெரியும். 1981-லேயே ஜெர்மன் அரசு ரூஃபை டியூனர், அதாவது அடுத்தவர் காரை மாற்றியமைப்பவர், என்ற வரிசையிலிருந்து எடுத்து, தனிக் கார் தயாரிப்பாளராக அங்கீகரித்துவிட்டது. அதனால் போர்ஷேயிடமிருந்து வெற்றுக் கூடாக வாங்கிக் கட்டிய கார்களின் சேசிஸ் எண்ணில் போர்ஷேயின் முன்னெழுத்துகள் இருக்காது, ரூஃபுடையதுதான் இருக்கும். அப்படி முழுமையாகக் கட்டப்பட்ட சி.டி.ஆர்.கள் முப்பதைக்கூடத் தாண்டவில்லை.

சரி, இந்த அடக்கத்தை விலை கொடுத்து வாங்கியது யார்? பெரும்பாலும் ஜெர்மனியின் ஆட்டோபானில் தினமும் ஓட்டுகிறவர். அந்த நெடுஞ்சாலையின் பெரும்பகுதியில் வேகக் கட்டுப்பாடு கிடையாது. இடது தடத்தில் 200-ல் போகிறவருக்குப் பின்னால் ஒரு சாதாரண வண்டி வந்து, வழி விட்டதும் 280-ல் மறைந்துபோனால் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. கார் தன் வேகத்தை வேகத்தாலேயே சொல்ல முடிகிற இடம் அது. அங்கே இறக்கையும் அகலமும் அதிகப்படிப் பேச்சு. அவை காற்றில் இழுத்து வேகத்தைக் குறைக்கவும் செய்யும். ஜெர்மனியில் இன்னொரு வழக்கமும் உண்டு: புதுக் கார் வாங்கும்போது பின்னால் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பார்கள். வாங்கியது சின்ன என்ஜினா பெரிய என்ஜினா என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. சின்னது வாங்கியவரும் இதைச் செய்வார், பெரியது வாங்கியவரும் செய்வார். காரணங்கள்தான் வேறு!

இப்போது அமெரிக்காவைப் பாருங்கள். 1974-லிருந்து நாடு முழுக்க மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். 1987-ல்தான் ஊருக்கு வெளியே உள்ள நெடுஞ்சாலைகளில் அதை 65 ஆக்க அனுமதித்தார்கள். நடுவில் கொஞ்ச காலம் ஸ்பீடாமீட்டரில் 85 மைலுக்கு மேல் எண்ணே இருக்கக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் 300 கி.மீ. ஓடும் காரை வாங்கியவர் அதை எப்படிக் காட்டுவார்? ஓட்டிக் காட்ட முடியாது. நிறுத்திவைத்தும் ஊர்ந்துபோயும்தான் காட்ட முடியும். அப்படியென்றால் நிற்கும்போதே ஓடுவது போலத் தெரிகிற உடம்பு வேண்டும். வளைகுடா நாட்டு எண்ணெய்ப் பணக்காரருக்கும், மொனாக்கோவின் குறுகிய தெருக்களில் மாலையில் வலம் வருகிறவருக்கும் இதே கதைதான்.

இதில் ஒரு தற்செயலும் சேர்ந்துகொண்டது. 1980 முதல் 1985 வரை போர்ஷே தன் 911 டர்போவை அமெரிக்காவில் விற்கவில்லை; புகை விதிகள் கெடுபிடியாகிவிட்டன. பணம் இருந்தது, ஆசை இருந்தது, கார் மட்டும் இல்லை. அதே சமயம் டாலர் ஏறிக்கொண்டே போனது. 1985 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு மூன்று ஜெர்மன் மார்க்குக்கு மேல் கிடைத்தது. ஜெர்மனியில் வாங்கி, கப்பலில் ஏற்றி, அமெரிக்கப் புகை விதிக்கும் பம்பர் விதிக்கும் ஏற்ப மாற்றினாலும் லாபம்தான். இந்தச் சாம்பல் சந்தை வழியாக ஆண்டுக்குப் பல பத்தாயிரம் கார்கள் போயின. எப்படியும் பட்டறையில் பிரித்து மேயப்போகிற கார்தானே, அப்படியே உடம்பையும் மாற்றிவிடலாமே என்று பலருக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை.

அந்த ஆசைக்கு வடிவம் கொடுத்தது பந்தயக் களம். எண்பதுகளின் ஆர்ப்பாட்டக் கார்களின் அடையாளமே தட்டை மூக்குதான்: 911-ன் தவளைக் கண் விளக்குகளை நீக்கிவிட்டு, மட்கார்டைச் சரிவாக இறக்கி, விளக்கைக் கீழே தள்ளியோ மூடி திறப்பதாகவோ வைப்பது. இதன் மூல வடிவம் போர்ஷேயின் 935 பந்தயக் கார். 1976-ல் பொறியாளர் நோர்பர்ட் சிங்கர் விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்து, மட்கார்டின் வடிவத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற இடைவெளியைக் கண்டுபிடித்தார். விளக்கு இருப்பது மட்கார்டில். மட்கார்டு நம் இஷ்டம் என்றால் விளக்கும் நம் இஷ்டம். விளக்குகள் பம்பருக்கு இறங்கின, காற்றெதிர்ப்பும் குறைந்தது. கொலோனின் கிரெமர் சகோதரர்கள் மேம்படுத்திய 935 கே3 1979-ல் லெ மானில் முதலிடமே பிடித்தது.

ஆக, அந்த மூக்கு பிறந்தபோது வேலைக்காகத்தான் பிறந்தது. தெருவுக்கு வந்தபோது நினைவுச்சின்னமாகிவிட்டது. தெருக் காரில் திறந்து மூடும் விளக்குகளும் அதன் மோட்டார்களும் எடையைத்தான் கூட்டின. ஆனாலும் கேட்டவர்கள் ஏராளம். போர்ஷேயே கடைசியில் மனமிறங்கி, தன் தனிப்பயன் பிரிவில் தட்டை மூக்கு செய்து கொடுக்க ஆரம்பித்துவிட்டது. ஆரம்ப வாடிக்கையாளர்களில் ஒருவர், பந்தய உலகில் பணம் போட்டுப் பேர்பெற்ற மன்சூர் ஒஜ்ஜே.

டெஸ்டரோசாவின் விலா எலும்புகளுக்கும் இதே கதிதான். 1984-ல் இத்தாலியின் கார் வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினா அதை வரைந்தபோது ரேடியேட்டர்கள் மூக்கிலிருந்து பின்பக்கவாட்டுக்குப் போயிருந்தன. முந்தைய மாடலில் வெந்நீர்க் குழாய்கள் ஓட்டுநரைத் தாண்டிப் போனதால் உட்காரும் இடம் அடுப்பாகிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் பெரிய வாய் வைத்தாக வேண்டும். அத்தனை பெரிய திறப்பைச் சில நாட்டு விதிகள் அனுமதிக்காது. ஆகவே குறுக்கே நீளமான கம்பிகள் போட்டு மூடினார்கள். விதியைச் சமாளிக்க வந்த அந்தக் கம்பிகள் ஒரே ஆண்டில் உலகத்தின் நாகரிகமாகிவிட்டன. லியோன்பெர்க்கில் 1981-ல் கடை திறந்த உவே கெம்பாலா தன் 'அவலாஞ்ச்' காரில் அதே விலா எலும்புகளை 911-ன் பின் மட்கார்டில் பதித்தார். 911 என்ஜின் காற்றில் குளிர்வது. தண்ணீர் ரேடியேட்டர் என்ற உறுப்பே அதற்குக் கிடையாது.

கேலி செய்வது சுலபம். நானும் பல வருடம் செய்திருக்கிறேன். ஆனால் கெம்பாலாவின் வேலையைக் கூர்ந்து பார்த்தால் கேலி கொஞ்சம் அடங்கும். அவர் தொடங்கியதே காரின் உள் அலங்காரத்தில்தான். தோல் தைத்த விதம், ஹை-ஃபை ஒலி அமைப்பு, டி.வி., பொத்தான்களின் கூட்டம் என்று அந்தக் காலத்து வரவேற்பறையை அப்படியே இரண்டு இருக்கைக்குள் அடக்கினார். கோனிக்குக்கு உடல் வரைந்த விட்டோரியோ ஸ்ட்ரோசெக்கும் கையில் திறமை இருந்தவர்தான். புடைத்த மட்கார்டு மூலக் காரின் கோட்டோடு சேர்ந்து போக வேண்டும், ஒட்டுப்போட்டது போலத் தெரியக்கூடாது. அது வராத மலிவு நகல்கள்தான் இந்தப் பாணிக்கே கெட்ட பெயர் வாங்கித் தந்தன. ஃபைபர் அச்சில் வார்த்து, புட்டி தடவி, பெயின்ட் அடித்து விற்ற அகல உடம்புகள் நான்கைந்து வருடத்தில் ஒட்டிய இடத்தில் விரிசல் விட்டன. மெர்சிடிஸ் கூபேக்குப் பறவை இறகு போல மேலே திறக்கும் கதவு வைத்த ஹாம்பர்க் பக்கத்து ஸ்டைலிங் கராஜ் மாதிரியான கடைகளும் இருந்தன. அவற்றைப் பற்றி எனக்கு அவ்வளவு அனுதாபம் வரவில்லை.

இந்த இரண்டு முகாம்களுக்கும் நடுவே சுவர் எதுவும் இல்லை. அடக்கத்தின் சின்னமாகச் சொல்லப்படும் அல்பினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். புக்லோ ஊரில் புர்கார்ட் போவன்சீபன் 1965-ல் தொடங்கிய கம்பெனி, பி.எம்.டபிள்யூ கார்களை மட்டுமே தொட்டது. அதன் வழக்கமான அடையாளம் காரின் பக்கவாட்டில் ஓடும் பொன்நிறப் பட்டை. அடக்கம் என்று அதைச் சொல்ல மனம் வருமா? ஆனால் அந்தப் பட்டை வேண்டாம் என்று சொன்னால் ஒட்டாமலே தருவார்கள். பட்டையில்லாத அல்பினாவைத் தெரிந்துகொள்ள இருபது ஆரங்கள் கொண்ட சக்கரத்தைப் பார்க்க வேண்டும். 1989-ன் பி10 பை-டர்போ உச்சம்: 360 குதிரைத்திறன், மணிக்கு 290. கைப்பிரேக் பக்கத்தில் டர்போ அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. மூத்த வங்கி அதிகாரியின் கார் போல அது வாசலில் நிற்கும். மொத்தம் 507 மட்டுமே செய்தார்கள்.

மெர்சிடிஸ் கார்களை மாற்றியமைத்த ஏ.எம்.ஜி. இன்னும் சுவாரசியம், ஒரே கூரையின் கீழ் இரண்டையும் விற்றது. அவுஃப்ரெக்ட், மெல்க்கர் என்ற இரண்டு பொறியாளர்களின் பெயரும், அவுஃப்ரெக்ட்டின் ஊரான குரோசாஸ்பாக்கின் பெயரும் சேர்ந்ததுதான் அந்த மூன்றெழுத்து. 1986-ல் அவர்கள் செய்த 'ஹாம்மர்' பார்ப்பதற்கு டாக்ஸிக்கும் ஓடிய அதே மெர்சிடிஸ் செடான். உள்ளே எஸ்-கிளாஸின் பெரிய வி8. அதற்கு மெல்க்கர் வடிவமைத்த நான்கு வால்வு சிலிண்டர் ஹெட். 360 குதிரைத்திறன். நான்கு கதவு, டிக்கியில் குடும்பத்தின் பெட்டி, வேகமோ 300-ஐ நெருங்கும். அதே பட்டறையில் எஸ்.இ.சி. கூபேக்கு அகல மட்கார்டு வைத்து, குரோம் எல்லாவற்றையும் உடல் நிறத்திலேயே அடித்துக் கொடுத்ததும் அவர்களேதான். வாடிக்கையாளர் எந்தப் பாஷை கேட்டாரோ அதில் பேசினார்கள்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு விதிவிலக்கு இருந்தது. ஷெவர்லேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டை வைத்து ரீவ்ஸ் காலவே செய்த 'ஸ்லெட்ஜ்ஹாம்மர்', 1988 அக்டோபரில் ஒஹையோவின் ஒரு சோதனைத் தடத்தில் மணிக்கு 254 மைலைத் தாண்டியது. கிலோமீட்டரில் 410. ஏ.சி., ரேடியோ எல்லாம் இருந்த கார். கனெக்டிகட்டிலிருந்து அதைச் சாலையில் ஓட்டியே கொண்டுபோனார்கள், சாதனைக்குப் பிறகு ஓட்டியே திரும்பினார்கள். வரும் வழியில் 55-ஐ மதித்தார்களா என்பது அவர்களுக்குத்தான் வெளிச்சம்.

ஆட்டம் முடிந்ததற்குக் காரணம் ரசனை மாறியது மட்டுமில்லை. 1985 செப்டம்பரில் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாட்டு நிதி அமைச்சர்கள் கூடி டாலரின் மதிப்பை இறக்க ஒத்துக்கொண்டார்கள். 1987 முடிவில் ஒரு டாலருக்கு இரண்டு மார்க் கூடக் கிடைக்கவில்லை. தனிநபர் இறக்குமதியின் லாபம் கரைந்தது. 1988-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சாம்பல் சந்தையைச் சட்டம் போட்டு அடைத்தது. அதற்காக முட்டிமோதியவர்களில் மெர்சிடிஸின் அமெரிக்கக் கிளையும் உண்டு. 911 டர்போவும் அதிகாரப்பூர்வமாகவே கடைக்குத் திரும்பியிருந்தது. தொண்ணூறுகள் தொடங்கியபோது பொருளாதாரம் சரிய, அகல மட்கார்டு திடீரென்று பழைய பணக்காரரின் தோள்பட்டை கோட்டு மாதிரி ஆகிவிட்டது. பலர் தங்கள் காரின் உடம்பைப் பிரித்து மறுபடி சாதாரண 911 ஆக்கினார்கள்.

ஆனால் அடக்கக்காரர்களுக்கு அதே நேரத்தில் புதுக் கதவு திறந்தது. 1987-லிருந்து பெரிய ஜெர்மன் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு, எவ்வளவு சக்தி இருந்தாலும் 250-ல் காரை எலெக்ட்ரானிக் பூட்டுப் போட்டு நிறுத்தின. பூட்டில்லாத கார் வேண்டியவர்கள் அல்பினாவின் புக்லோவுக்குப் போனார்கள், ரூஃபின் ஃபாஃபென்ஹவுசனுக்குப் போனார்கள். பெரிய கம்பெனிகளுக்கும் இவர்கள் பயன்பட்டார்கள். என்ஜின் அறிவை விலைக்கு வாங்கலாம். ஃபைபர் மட்கார்டை வாங்கி என்ன செய்வது? ஏ.எம்.ஜி.யோடு 1990-ல் ஒப்பந்தம் போட்ட டைம்லர், 1999-ல் பெரும்பங்கையும் 2005-ல் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அல்பினாவின் பெயரை பி.எம்.டபிள்யூ வாங்குவதாக 2022-ல் அறிவித்தது. ரூஃப் மட்டும் இன்னும் தனிக் குடித்தனம்தான். 2017 ஜெனீவா கண்காட்சியில் அவர் காட்டிய புது சி.டி.ஆர். அடியிலிருந்து முடிவரை சொந்தத் தயாரிப்பு: கார்பன் ஃபைபர் கூடு, 710 குதிரைத்திறன். தெரியாத ஒருவர் பார்த்தால் யாரோ முப்பது வருடப் பழைய 911-ஐப் புதுசு போலத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். நிறமும் அதே மஞ்சள்.

கோனிக்கின் டெஸ்டரோசாக்களும் கெம்பாலாவின் அவலாஞ்ச்களும் சேகரிப்பாளர்கள் மத்தியில் மறுபடி தேடப்படுகின்றன. விரிசல்களை ஒட்டி, அதே வெள்ளை உள் அலங்காரத்தைத் தேடிப்பிடித்துத் தைக்கிறார்கள். அந்தக் காலத்தில் மூலக் காராக மாற்றிவிட்டவர்கள் வருத்தப்படுவார்கள் போல. மெர்சிடிஸ் ஷோரூமிலோ இன்று 'ஏ.எம்.ஜி. லைன்' என்று கேட்டால் சின்ன நான்கு சிலிண்டர் டீசலுக்கும் அகல வாய் பம்பரும் பெரிய சக்கரமும் மாட்டித் தருகிறார்கள். பின்னாலுள்ள மாடல் எண் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் வழக்கமும் ஜெர்மனியில் அப்படியே இருக்கிறது. இரண்டையும் ஒரே காரில் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு.